சந்தனப் பொட்டு வைத்த ஹெல்மெட்

டாக்டர் வாசலில் காத்திருப்பதே என் பிழைப்பு. பதினோரு வருஷமாக மருந்துக் கம்பெனி ரெப். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு முகம் கொடுப்பார், யாருக்கு காலண்டர் கொடுத்தால் கதவு சீக்கிரம் திறக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவனைத்தான் போன வருஷம் மூன்று வாரம் ஒரு கட்டிலில் மல்லாக்கப் போட்டு, தலையை அசைக்கக் கூடாது என்று கட்டி வைத்தார்கள். குணமாகி வெளியே வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஹெல்மெட் போட்டிருந்தீங்கல்ல, அப்புறம் எப்படி?" ஆளுக்கு ஒருமுறை சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்கிறது. எழுதிவிட்டால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் அந்த ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம், முகம் திறந்த மாதிரி. இந்த விபத்துக்கு இரண்டு வருஷம் முன்பு மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு ஆட்டோ திடுதிப்பென்று திரும்ப, நான் பைக்கோடு விழுந்தேன். தலை பிளாட்பாரக் கல்லில் 'டொக்' என்று மோதியது. எழுந்து பார்த்தால் முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இளநீர்க்காரர் ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வீரமாகக் கதை சொன்னேன்.

என் மனைவி கோமதி அன்றைக்கே பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். பிறகு ஹெல்மெட்டைத் துடைத்து, நெற்றிப் பக்கத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு. ஆயுத பூஜைக்கு வாசலில் நிற்கும் பைக்குக்கு ஒரு மாலை என்றால், உள்ளே ஹெல்மெட்டுக்குத் தனி மாலை. அதே மாதம் கம்பெனி மீட்டிங்கில் எல்லா ரெப்புக்கும் புது ஹெல்மெட் கொடுத்தார்கள். நான் அதைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் லாஃப்டில் ஏற்றினேன். "ராசியானது இருக்கும்போது அது எதுக்கு?" என்று சொன்னது கோமதி இல்லை, நான்தான். சந்தனப் பொட்டோடு கிளினிக்கில் போய் நின்றால் யாராவது என்னவென்று கேட்பார்கள், நானும் கதையை எடுத்து விடுவேன். கிளினிக்கில் பெஞ்ச் எல்லாம் நோயாளிகளுக்கு. ரெப் நிற்க வேண்டும். கால் கடுத்தால் பொட்டு படாமல் ஹெல்மெட்டைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். என் எழுபத்தெட்டு கிலோவையும் அது தாங்கியது.

இரண்டாவது முறை விழுந்தது கொட்டிவாக்கத்தில். புதிதாக வந்திருந்த ஒரு கிளினிக்கைத் தேடிக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வளைவில் மணல் சிதறிக் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கியது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிவது ஒரு மின்விசிறி. மூன்று இறக்கை, அதில் ஒன்று லேசாக வளைந்தது. அடுத்த மூன்று வாரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடையாறு பக்கம் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரி, பொது வார்டு. போன வாரம்தான் என்னிடம் சாம்பிள் வாங்கிக்கொண்ட டாக்டர், இப்போது என் முகத்துக்கு மேல் குனிந்து நின்றார். அவருடைய மூக்குத் துவாரத்தைத்தான் அந்தக் கோணத்தில் பார்க்க முடிந்தது. விஷயத்தை அவர் எளிமையாகச் சொன்னார். இடது காதுக்கு மேலே மண்டையோட்டில் ஒரு கோடு மாதிரி விரிசல். அதற்கு உள்பக்கம் மெல்லிய ரத்தக் கட்டு. அது தானாகவே கரையலாம், பெரிதாகவும் ஆகலாம். பெரிதானால் மண்டையோட்டைத் திறந்து எடுக்க வேண்டும். இரண்டாவது ஸ்கேனில்தான் தெரியும். கழுத்தில் இருக்கும் ஏழு எலும்பில் ஆறாவதில் கீறல். அந்த எலும்பு வளையத்துக்குள்தான் கை கால்களுக்கான நரம்புக் கற்றை போகிறது. எலும்பு நகர்ந்தால் கற்றை நசுங்கும்.

"நசுங்கினா?"

"நசுங்காம பார்த்துக்கலாம் சார். நீங்க அசையாம இருந்தா போதும்."

அசையாமல் இருக்க அவர்கள் செய்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிராக்ஷன். தாடைக்கு அடியில் ஒரு பட்டை, பிடரிக்கு ஒரு பட்டை, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. கயிறு தலைமாட்டில் ஒரு கப்பி மேல் போய், மறுபக்கம் எடைக்கல்லோடு தொங்கும். கல் கீழே இழுக்க, என் தலை மேலே இழுபடும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. பக்கவாட்டில் பார்க்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். முதுகு வேர்த்துப் புண்ணாகாமல் இருக்க, நான்கு பேர் வந்து மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒரே சமயத்தில் புரட்டுவார்கள். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். பாதம் அரித்தால் யாரையாவது கெஞ்ச வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தது. எரிந்து விழுந்ததெல்லாம் கோமதி மேல்தான்.

அவள் காலையில் வந்தால் சாயங்காலம் வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவாள். மந்தைவெளி வீட்டில் என் மாமியார் சமைப்பார். கோமதியின் தம்பி முரளி, இருபத்துமூன்று வயதுப் பையன், பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவன், கைப்பிடி நிமிர்த்திய என் பைக்கிலேயே காலையில் அக்காவைக் கொண்டுவந்து விடுவான், மத்தியானம் கேரியர் கொண்டுவருவான், சாயங்காலம் அவளை அழைத்துப் போவான். சாப்பாட்டு நேரத்துக்குப் பட்டையைத் தளர்த்துவார்கள். குழைந்த ரசம் சாதத்தை முரளிதான் ஸ்பூனால் ஊட்டுவான். கேட்காமலேயே என் உள்ளங்காலையும் சொறிந்துவிட்டுப் போவான்.

எனக்கு வலது பக்கத்துக் கட்டிலில் தேசிங்கு. நொச்சிக்குப்பத்து மீன்காரர். படகைக் கரைக்குத் தள்ளும்போது அது உருண்டு தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவருக்குக் காலில் கயிறு, கல். ஆனால் தலையணை வைத்து நிமிர்ந்து உட்காரலாம், கதவையும் ஜன்னலையும் பார்க்கலாம். இரண்டாம் நாளே அவர் எனக்குக் கண்ணாகிவிட்டார். "நர்சம்மா ஊசி எடுத்துகினு வருது சார், ரெடியா இரு" என்பார். அவர் முகத்தை நான் பார்த்தது கடைசி வாரத்தில்தான்.

ஏழாம் நாள், கோமதி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது டாக்டர் வந்தார். காதுக்கு மேல் போட்டிருந்த தையலைப் பார்த்தவர், "ஹெல்மெட் போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விழுந்ததுக்கு இவ்வளவு அடி பட்டிருக்கக் கூடாதே" என்றார். பிறகு கேட்டார், "அது முன்னாடி எப்பவாவது அடிபட்டதா? போட்டா லூசா இருந்ததா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பச்சைப் பொய். மந்தைவெளியில் விழுந்த மறுநாளே அது லூசாகிவிட்டது. அதற்கு முன் காதை அழுத்திப் பிடிக்கும். அதற்குப் பிறகு தலையைத் திருப்பினால் அது பின்னால் தாமதமாகத் திரும்பும். இடது பக்கம் ஒரு கர்ச்சீப்பை மடித்துச் செருகிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். அதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மருந்து விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே என்று, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலும் எனக்கு மானப் பிரச்சினை.

டாக்டர் விளக்கினார். மேலே இருக்கிற ஓடு அடியைப் பரப்பிவிட மட்டும்தான். அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற தெர்மாகோல். அது நசுங்கும்போதுதான் தலைக்கு வரவேண்டிய வேகம் அதில் போகிறது. நசுங்கியது திரும்ப எழாது. "ஒரு தடவைதான் சார் அதுக்கு உயிர். வெளியே ஒரு கீறல் இல்லாம இருக்கலாம். எப்படியும் இப்போ அது அடி வாங்கியாச்சு, இனிமே வெறும் ஓடு. தூக்கிப் போடச் சொல்லுங்க."

அவர் போனதும் தேசிங்கு பேச ஆரம்பித்தார். "கரெக்டா சொல்றாரு சார் டாக்டரு. எங்க ஐஸ் பொட்டி அதுல செஞ்சதுதான். எவனாச்சும் கால வச்சு அமுக்கிட்டான்னு வையி, அத்தோட சரி. பள்ளம் பள்ளமாவே நிக்கும். மேல பாத்தா பொட்டி புச்சு மேரி கீது. உள்ள ஐஸு தாங்காது." பிறகு, "அப்போ உங்க மச்சான் இன்னாத்துக்கு அத்தப் போட்டுகினு வர்றாரு?" என்றார்.

"எதை?"

"அதான் சார், செவப்பு டோப்பி. நெத்தில சந்தனப் பொட்டு வச்சுகினு கீதே."

ஒரு வாரமாகத் தினம் மூன்று முறை முரளி அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான், எனக்கு ஊட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். எனக்குத் தெரிந்தது மின்விசிறி மட்டும்.

கோமதி வந்ததும் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு கோபமாகப் பேசினால் பாதி எச்சில்தான் வரும்.

"வாயைக் கழுவுங்க முதல்ல" என்றாள். "ரெண்டு தடவை உங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கு அது. என் தம்பி நமக்காக அலையுறான். அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே நான் என் கையால அதை எடுத்துக் குடுக்கறேன்."

"லாஃப்ட்ல புதுசு இருக்கே கோமு. அதைக் கொடேன்."

"அது உங்களுக்கு. நீங்க எழுந்து வந்து போட்டுக்கணும்." சட்டென்று அவள் குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஸ்கேன். அது நல்லபடியா வரட்டும். அதுவரைக்கும் ஹெல்மெட்டை ஒண்ணும் பேசாதீங்க, ஒண்ணும் பண்ணாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஒன்று இருந்தது சொல்ல. அந்தக் கர்ச்சீப். அதைச் சொன்னால் இரண்டு வருஷம் தெரிந்தே ஏமாற்றினேன் என்று ஆகும். அவள் பொட்டு வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் கைகூப்பி நின்றவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஊட்டும்போது முரளியிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "என்ன மாமா பண்ணச் சொல்றீங்க? வேணாம்னா அக்கா அழுவுது. திருநீறு பூசி தலையில மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கவே விடுது" என்றான். "நீங்க எழுந்திரிங்க மாமா, எல்லாத்தையும் மாத்திக்கலாம்."

அதிலிருந்து என் ஒரே வேலை, படுத்தபடியே அவனோடு பைக் ஓட்டுவது. மந்தைவெளியிலிருந்து கிளம்பியிருப்பான். இப்போது ராஜா அண்ணாமலைபுரம். ஸ்கூல் வாசல் பள்ளம், அதில் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். கிரீன்வேஸ் ரோட்டில் வேகம் பிடிப்பான், மடையன். அடுத்தது அடையாறு பாலம். பாலத்தில் பஸ்காரன் ஒட்டி வருவான். ரெப் வேலையில் அந்த வழியில் எனக்குத் தெரியாத குழி கிடையாது, ஒவ்வொரு குழியிலும் அவனை விழவைத்துப் பார்த்தேன். "வந்துட்டாரு சார்" என்று தேசிங்கு சொன்ன பிறகுதான் மூச்சு வரும். சாப்பிட்டு முடித்ததும் அவன் கிளம்புவான். மறுபடி பாலம், மறுபடி பஸ். கால்கள் நன்றாக இருந்தும் கட்டிலை விட்டு இறங்க முடியாமல், கை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பிடுங்கி எறிய முடியாமல் கிடப்பது இருக்கிறதே, அந்த மூன்று வாரத்தில் அதைவிடப் பெரிய வலி எனக்கு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. வழக்கமாகப் பன்னிரண்டரைக்கு வரும் முரளி ஒரு மணிக்கும் வரவில்லை.

"தேசிங்கு, வந்துட்டானா?"

"வந்துகினு கீறாரு சார்."

ஒன்றரை. "இப்போ?"

"கேட்டாண்ட வந்துட்டாப்ல கீது." பொய் சொல்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கோமதி பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் பக்கம் போவதும் வருவதுமாக அவள் செருப்புச் சத்தம். இரண்டு மணிக்குக் கீழே ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யாரோ ஓடினார்கள். ஸ்டிரெச்சர் சக்கரம் கடகடவென்று உருண்டது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. தாடைப் பட்டையின் பக்கிளைக் கழற்றிவிட்டேன். எடைக்கல் 'டங்'கென்று தரையில் விழுந்தது. தலையைத் தூக்கினேன். வலது கை தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீரென்றது, பிறகு மரத்துப் போனது. "ஐயோ, சிஸ்டர்!" என்று தேசிங்கு வார்டே அதிரக் கத்தினார். நர்ஸும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து என்னைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். "சாகணும்னு ஆசையா சார் உங்களுக்கு?" என்று நர்ஸ் திட்டிக்கொண்டே பட்டையை மாட்டினாள். விரலை அசைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அசைந்தது. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு வாயில் புடவைத் தலைப்பை அடைத்திருந்தாள்.

அப்போது மின்விசிறியை மறைத்துக்கொண்டு ஒரு முகம் என் மேல் குனிந்தது. முரளி. "என்ன மாமா ஆச்சு? பாலத்தாண்ட தண்ணில வண்டி நின்னுடுச்சு, தள்ளிக்கிட்டே வந்தேன்" என்றான். பதற்றத்தில் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடிவந்திருந்தான். விபத்துக்குப் பிறகு அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பளபளவென்று புதிது மாதிரி இருந்தது. சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து அவன் நெற்றியில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

நான் கதறிவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் ஒரு வார்டு முழுக்கப் பார்க்க அப்படி அழுதேன்.

"கழட்டுடா அதை! கோமு, அது லூசு. மந்தைவெளில விழுந்த மறுநாள்லேர்ந்தே லூசு. கர்ச்சீப்ப மடிச்சு வச்சுத்தான் ரெண்டு வருஷம் ஓட்டினேன். எனக்குத் தெரியும் கோமு. தெரிஞ்சே உங்கிட்ட சொல்லல. டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

முரளி மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான். "எனக்கும் லூசாத்தான் மாமா இருந்துச்சு" என்றான். "அக்காதான் உள்ள துணி வச்சு தச்சுக் குடுத்துச்சு."

கோமதி அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. பிறகு நூல் அறுபடும் சத்தம், ஒவ்வொன்றாக. எனக்கு எதுவும் தெரியவில்லை. தேசிங்குதான் தாழ்ந்த குரலில் சொன்னார். "தையலப் பிரிக்குது சார். துணிய எடுத்துச்சு. உள்ள விரல வுட்டுப் பாக்குது. கட்டைவெரலு முழுசா உள்ள போவுது சார். பள்ளம். பெரிய பள்ளம்."

அவள் எழுந்து வந்தாள். என் இடது காதுக்கு மேல் கட்டின்மீது அதே கட்டைவிரலை, அழுத்தாமல், வைத்தாள்.

"இங்கதானே?"

"ஆமா."

"நான் துணி வச்சு மூடினது சரியா இந்த இடத்துல." அவள் அழவில்லை. முரளியின் ஈரத் தலையில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், கட்டு பிரிக்கிற கத்திரி இருந்தா குடுங்க" என்றாள். இரண்டு பக்கமும் ஹெல்மெட் வாரை நறுக்கினாள். இனி யார் தலையிலும் அது நிற்காது.

ஆனாலும் பூஜையில் வைத்த பொருள், குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. "கடல்ல விட்டுடலாமா?" என்று தேசிங்கிடம் கேட்டாள்.

"ஐய, வேணாம்மா. மெதக்கும் அது. எங்க குப்பத்துல எவனாச்சும் எடுத்துக் கயிறு கட்டி மாட்டிக்குவான். சுத்தியால நாலு போடு போடச் சொல்லு தம்பிய, பாவம் ஒண்ணியும் வராது." அவள் ஈரப் பஞ்சால் மிச்சமிருந்த பொட்டைத் துடைத்துவிட்டு முரளியிடம் கொடுத்தாள். கீழே ஷெட்டில் வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கி அவன் உடைத்தான். அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பஸ்ஸில் வந்த முரளி, லாஃப்டிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போனான். கம்பெனி பேர் போட்ட வெள்ளை நிறம், சந்தனம் இல்லை என்று தேசிங்கு தகவல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனில் ரத்தக் கட்டு பாதியாகக் குறைந்திருந்தது. கழுத்து எலும்பும் நான் பண்ணிய கூத்துக்கு நகராமல் இருந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பாதிப் பேர் இப்படித்தான் சார்" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. அதன் பிறகு கழுத்தில் காலர், நாலு மாதம் பஸ், பிறகுதான் பைக்.

ஹெல்மெட்டை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ரெப்புகள் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வருஷக் கணக்கு தெரியாது. ஒருமுறை உங்கள் தலையோடு எதிலாவது மோதினால் அன்றைக்கே மாற்றுங்கள். மோதாமலே லூசானாலும் மாற்றுங்கள். கர்ச்சீப்பைத் தேடினீர்கள் என்றால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதன்மேல் உட்காராதீர்கள்.

இந்த ஆயுத பூஜைக்கு என்னுடைய புதுசும் முரளியுடைய வெள்ளையும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தன. கோமதி சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் முரளியின் ஹெல்மெட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கட்டைவிரலை விட்டு, ஒரு இடம் விடாமல், ஒரு சுற்று அழுத்திப் பார்த்தாள். அடுத்தது என்னுடையது. இரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான் பொட்டு வைத்தாள்.